குழந்தைப் புற்றுநோய் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைப் பார்ப்பது எப்படி?

ஒருவரின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதே மேற்கோள் கணக்கு. முதலில் ஆளை உறுதிசெய்யுங்கள். ஒரே பெயரில் பலர் எழுதுவார்கள். ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை வைத்துத் தேடினால் குழப்பம் குறையும். பிறகு கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் என்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளங்களிலும் எண்ணிக்கையைத் தேதியோடு குறியுங்கள். ஸ்காலரில் பெரும்பாலும் கூடுதலாகவே வரும். ஆய்வேடுகளும், இதழில் வெளியாகும் முன் பகிரப்படும் முன்வரைவுகளும் அதில் சேர்கின்றன.

எச்-குறியீட்டைக் கையாலேயே சரிபார்க்கலாம். குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 4 இருந்தால் அது 4; குறைந்தது 5 பெற்றவை 5 இருந்தால் 5. மேற்கோள்களை இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 9, 5, 4. நான்காவது கட்டுரைக்கு 5 உண்டு, ஐந்தாவதற்கு 4தான். ஆகவே குறியீடு 4.

இந்தத் துறையில் கணக்கு சறுக்குவது கூட்டு ஆய்வுகளில்தான். குழந்தைப் புற்றுநோய் அரிது. அதன் வீதத்தையே பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்றுதான் சொல்கிறோம். போதிய நோயாளிகள் கிடைக்கப் பல நாட்டுப் பதிவேடுகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் பட்டியலும் நீள்கிறது. அப்படி ஒரு கட்டுரையே மொத்த எண்ணை ஏற்றிவிடும். எனவே அவர் முதல் ஆசிரியராகவோ, கடைசி ஆசிரியராகவோ, கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்லும் தொடர்பு ஆசிரியராகவோ உள்ள கட்டுரைகளைத் தனியே கூட்டுங்கள். யார் என்ன செய்தார் என்று கட்டுரையில் சொல்லும் பங்களிப்புக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். அவர் தன் கட்டுரைகளைத் தானே சுட்டிய தன்மேற்கோள்களைக் கழித்துவிடுங்கள்.

அண்மைய ஆண்டுகளின் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முக்கியமான ஆய்வுக்கும் அங்கீகாரம் தாமதமாக வரலாம். கர்ப்பகால எக்ஸ்ரேக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் மருத்துவர் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956இல் வெளியிட்டார். மருத்துவ உலகம் அதை ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின.