முதல் மாத்திரைக்கு முன்னால் யூரின் கல்ச்சர்

என் அத்தைக்கு நீர்க்கடுப்பு வந்தபோது, வீட்டில் மிச்சமிருந்த சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை இரண்டு நாள் போட்டுவிட்டு அப்புறம்தான் என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு எடுத்த யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனையில், ஒன்றும் வளரவில்லை; ஏற்கெனவே போட்ட மருந்து கிருமியை வளரவிடாமல் அடக்கியிருக்கும். எரிச்சலும் போகவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று பத்து வருடமாக லேபில் வேலை பார்க்கிற என்னாலேயே சொல்ல முடியவில்லை. அதனால் கேட்டுக்கொள்கிறேன், மருத்துவர் கல்ச்சர் எழுதினால் முதல் மாத்திரைக்கு முன்பே சாம்பிள் எடுத்துவிடுங்கள்.

லேபில் தரும் ஸ்டெரைல் டப்பாதான் வேண்டும். கழுவிய ஊறுகாய் பாட்டில் ஆகாது. காலை முதல் சிறுநீர் நல்லது. அதற்கு முன் நிறையத் தண்ணீர் குடித்தால் கிருமி எண்ணிக்கை நீர்த்துப்போகும். கையைச் சோப்பால் கழுவுங்கள். பிறப்புறுப்பைச் சுத்தமான தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். டெட்டால் வேண்டாம், அது சாம்பிளில் கலந்தால் தேடுகிற கிருமியையே கொன்றுவிடும். முதலில் கொஞ்சம் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். மூடியின் உட்புறம் விரல் படக்கூடாது.

பிடித்ததும் உடனே கொண்டுவாருங்கள். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமான ஈ. கோலை என்ற கிருமி சூடான இடத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பைக் பெட்டியில் மூன்று மணி நேரம் கிடந்த சாம்பிள் பொய் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் வர முடியாதென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். முதலில் கிருமியை வளர்ப்போம். பிறகு அதை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மருந்து பலித்தால் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். எதிர்ப்பு முற்றிய கிருமியானால் வட்டை ஒட்டியே வளர்ந்து நிற்கும். அப்படி ஐந்தாறு வட்டுகள் வளையமே இல்லாமல் கிடக்கும் தட்டைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும்.

ரிப்போர்ட்டில் 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. ஆனால் 'எஸ்' போட்டதையெல்லாம் நீங்களே வாங்கிவிடாதீர்கள். உதாரணமாக, நைட்ரோஃபுரான்டோயின் என்ற மருந்து சிறுநீர்ப்பையில் நன்றாக வேலை செய்யும். சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கு உதவாது. 'மிக்ஸ்டு க்ரோத்' என்றிருந்தால் பெரும்பாலும் சாம்பிளில் வெளிக்கிருமி கலந்திருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

குளிர் காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் தள்ளிப்போடக் கூடாது.

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். அடுத்த முறை கல்ச்சர் வருவதற்குள் மருந்து தொடங்க வேண்டி வந்தால், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.