அறுபதுக்குப் பதில் நூற்றிருபது

பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கிய மூன்றாம் வாரமே மானிட்டரில் 'தொடர்புப் பிழை' வர ஆரம்பித்தது. மேடுபள்ளத்தில் ஏறினால் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது மிகக் குறைந்த வேகத்துக்கு, இறங்கிவிடும். நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். பார்த்தவர்கள் எல்லாம் கன்ட்ரோலரை (வண்டியின் கணினிப் பெட்டியை) மாற்றச் சொன்னார்கள். அந்த விலைக்கு இன்னொரு பழைய வண்டிக்கே முன்பணம் கொடுத்துவிடலாம்!

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒன்பது பின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் சி, டி பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். வண்டியின் கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்தான் கேன் லைன்; அதன் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. இரண்டும் இணையாக இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். எனக்குக் காட்டியது 120. அதாவது ஒரு முனை அறுந்திருக்கிறது, இல்லையென்றால் அங்குள்ள ரெசிஸ்டர் போயிருக்கிறது.

மீட்டரை அப்படியே விட்டு, பையனை அதைப் பார்க்கச் சொல்லி, ஹார்னஸை (வயர்க் கட்டை) அடி அடியாக ஆட்டிக்கொண்டே போனேன். கேபினுக்கு அடியில் ஒரு வளைவை அழுத்தியதும் "அறுபது!" என்று கத்தினான். டேப்பைப் பிரித்தால், முன்பு யாரோ வெறுமனே முறுக்கி ஒட்டிய இணைப்பு. செம்பு பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

கெட்ட பகுதியை வெட்டி, புது வயர் வைத்து கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் வைத்து அழுத்தி இணைத்து), சூடாக்கினால் சுருங்கி மூடும் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டேன். கேன் லைனின் இரண்டு வயரும் ஒன்றையொன்று முறுக்கியபடியே இருக்க வேண்டும், நேராக்கினால் சிக்னலில் மின் இரைச்சல் ஏறும். அப்புறம் எவ்வளவு ஆட்டினாலும் மீட்டர் 60-லேயே நின்றது.