திருகோணமலையில் ஆறுதலாக ஒரு நாள்: கடை, பார்லர், சாப்பாடு என்று கிளம்புகிறவர்கள் விடும் பிழைகள்

போன சித்திரைப் புதுவருடத்துக்கு முதல் கிழமை, கொழும்பிலிருந்து மச்சாள் இரவு ரயிலில் வந்து இறங்கினாள். "இண்டைக்கு ஒரு வேலையும் இல்லை, முழுக்க எங்கட நாள். கடைக்குப் போறம், பார்லருக்குப் போறம், நல்லாச் சாப்பிடுறம்" என்று தேத்தண்ணி குடிக்கும்போதே அறிவித்துவிட்டாள். காலை ஒன்பதரைக்கு வெளிக்கிட்டோம். பின்னேரம் மூன்று மணிக்கு அவள் எங்கள் வீட்டு விறாந்தையில் முகத்தில் ஈரத் துவாயைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். புதுச் சப்பாத்து இரண்டு குதிக்காலையும் கடித்திருந்தது. கிண்ணியாத் தயிர்ச் சட்டி ஓட்டோவுக்குள் சரிந்து, சாறிப் பையின் அடியெல்லாம் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது.

அன்றைக்கு வாங்கிய சாமானில் ஒரு குறையும் இல்லை, போன இடங்களும் நல்ல இடங்கள்தான். பின்னேரம் செய்ய வேண்டியதைக் காலையில் செய்தோம், கடைசியில் வாங்க வேண்டியதை முதலில் வாங்கினோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரின் கதையைக் கேட்டுவிட்டேன். காசு போச்சு, தோல் எரியுது, கால் வலிக்குது என்று அலுத்துக்கொள்கிற முக்கால்வாசிப் பேரின் கதையும் இதே வரிசைக் குழப்பம்தான்.

முதல் பிழை, திருகோணமலையை ஒரு மோல் என்று நினைத்துக்கொண்டு கிளம்புவது. கொழும்பில் 2019இல் திறந்த வன் கோல் ஃபேஸ் மாதிரி ஒரு கட்டடத்துக்குள் காலையில் நுழைந்தால் இரவு வெளியே வரலாம். உள்ளே வெயிலும் தெரியாது, மணியும் தெரியாது, கால் வலித்தால் உட்காரவும் இடம் உண்டு. இங்கே அப்படி ஒரு கூரைக்குக் கீழே எல்லாம் இல்லை. புடவைக்கடை ஒரு வீதியில், பான்சிக் கடை இன்னொரு வீதியில், நீங்கள் நம்பிப் போகும் பார்லர் ஏதோ ஒரு ஒழுங்கைக்குள் மாடியில், ஐஸ்கிரீம் கடற்கரைப் பக்கம். மத்திய வீதிக்கும் பிரதான வீதிக்கும் என்.சி. வீதிக்கும் நடுவில் நீங்கள் நடப்பதெல்லாம் வெயிலில்தான். அதனால் என்ன வாங்குவது என்பதற்கு முதல் எந்த நேரத்தில் எங்கே நிற்பது என்று யோசியுங்கள்.

கிழமையையும் பாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் முஸ்லிம் கடைகள் ஜும்ஆவுக்காகப் பூட்டும். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கதவடியில் நின்று "என்ன இது, பகலில் பூட்டு" என்று முணுமுணுக்கிற வெளியூர்க்காரரை ஒவ்வொரு கிழமையும் பார்க்கலாம். பூரணை விடுமுறையில் கோணேசர் கோயிலுக்கும் கடற்கரைக்கும் வெளியூர் பஸ்கள் வரிசையாக வந்துவிடும், ஆறுதல் என்ற சொல்லுக்கே அன்று இடமில்லை. ஞாயிறு எந்தக் கடை திறந்திருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். என்னைக் கேட்டால் செவ்வாய், புதன் நல்லது. கடைக்காரருக்கும் உங்களோடு கதைக்க நேரம் இருக்கும், மடித்து வைத்ததை எல்லாம் முகம் சுளிக்காமல் விரித்துக் காட்டுவார்.

சரி, வெயிலுக்கு வருவோம், மச்சாளின் முகம் சிவந்த கதையும் அதுதான். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வந்து நிற்கும். திருகோணமலை வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் நமக்கு அது கிட்டத்தட்டப் புதுவருடத்தோடுதான் வருகிறது, ஊரே உடுப்பு எடுக்கக் கடைகளுக்குள் இறங்கும் அதே நாட்களில். ஆகஸ்ட் கடைசியில் திரும்பவும் ஒருமுறை வரும். இடையில் இருக்கிற மாதங்களில் கச்சான் காற்று வேறு, வீதியில் நின்றால் அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரி. இந்த வெயிலுக்குள் அவள் செய்த முதல் வேலை, காலை பத்து மணிக்கு பார்லருக்குப் போய் முகத்துக்கு பிளீச்சும் ஃபேஷியலும் செய்துகொண்டது. "முதல்ல வடிவாகிட்டுப் பிறகு கடைக்குப் போவம், போட்டோ எடுக்கலாம்" என்பது அவளுடைய நியாயம்.

பிளீச்சில் இருப்பது ஹைட்ரஜன் பெரொக்சைட், அதோடு பெரும்பாலும் அமோனியா. முடியின் நிறத்தை வெளுக்க வைக்கும் அதே சாமான் தோலையும் கொஞ்சம் புண்படுத்தித்தான் விடும். ஸ்கிரப் போட்டுத் தேய்க்கும்போது தோலின் மேல் படை உரிந்து வரும். பார்க்க மினுமினுப்பாக இருக்கும்தான், ஆனால் அந்த நேரத்தில் அது கவசம் கழற்றிய முகம். அந்த முகத்தோடு பதினொன்றரை மணி வெயிலில் பிரதான வீதியில் நடந்தால் சிவக்காமல் என்ன செய்யும்? பார்லரைப் பின்னேரம் நாலு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது வெயில் தாழ்ந்திருக்கும், அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம். கலியாணம், சாமத்தியச் சடங்கு என்று ஏதாவது இருந்தால் அதற்கு முதல் நாள் புது ஃபேஷியல் வேண்டவே வேண்டாம், ஒரு கிழமையாவது முந்திச் செய்யுங்கள். புருவம் திருத்துவதும் வக்ஸிங்கும் அப்படித்தான். வக்ஸ் பண்ணின காலோடு உப்புவெளிக் கடலுக்குள் இறங்கியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உப்புத் தண்ணீரே சொல்லியிருக்கும்.

கன்னியா வெந்நீரூற்றையும் இதே நாளுக்குள் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே இறங்கிக் கிடக்க முடியாது, வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான். நல்ல சுகம், ஆனால் அதைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிட்டு வாருங்கள். ஃபேஷியலுக்குப் பிறகு சுடுதண்ணீர் என்பது எரிகிற இடத்தில் மிளகாய்.

பார்லரில் ஆசைப்பட்டு உடனே செய்யக்கூடாத ஒன்று தலைக்கு டை. நாற்காலியில் இருந்த பிறகு "அக்கா, நரை தெரியுது, டையும் போடுவமா?" என்று கேட்பார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். கறுப்புச் சாயங்களில் பெரும்பாலும் பிபிடி என்று சுருக்கிச் சொல்லும் ஒரு இரசாயனம் இருக்கிறது, சிலருக்கு அது கடுமையான ஒவ்வாமையைத் தரும். 48 மணித்தியாலத்துக்கு முதல் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துப் பார்க்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், யாரும் வாசிப்பதில்லை. கைக்குப் போடும் கறுப்பு மருதாணி என்று விற்கிறதிலும் பல நேரம் இதே பிபிடிதான். உண்மையான மருதாணி கறுப்பாகப் பிடிக்காது, செம்மண் நிறத்தில்தான் பிடிக்கும். பத்து நிமிடத்தில் கரியாகக் கறுத்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையாக்கும் கிரீம் என்று தயாரிப்பாளர் பெயரும் தொகுதி இலக்கமும் இல்லாமல் ஒரு டப்பாவை நீட்டினாலும் அப்படியே. அந்த மாதிரிக் கிரீம்களில் பாதரசம் கலப்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், அது தோலோடு நிற்காது, சிறுநீரகம் வரைக்கும் போகும்.

கால் பராமரிப்பில் நானே விட்ட பிழை ஒன்று. பெடிகியூர் செய்கிற பெண்ணுக்கு முன்னால் காலில் முடியோடு இருக்க வெட்கப்பட்டு முதல் நாள் இரவே ஷேவ் பண்ணிக்கொண்டு போவேன். ஷேவ் பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், தொட்டித் தண்ணீரில் கிருமி இருந்தால் அதுவே வாசல். 2000ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே ஒரு நகப் பராமரிப்புக் கடைக்குப் போன நூறு பேருக்கு மேல் முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. கால் வைக்கும் தொட்டியில் கிருமி வளர்ந்திருந்தது, ஷேவ் பண்ணிக்கொண்டு போனவர்களுக்கு ஆபத்து கூட என்று விசாரித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை வாசித்த நாளிலிருந்து வெட்கத்தை விட்டுவிட்டேன். கால் வைக்க முதல் தொட்டியைக் கழுவச் சொல்லுங்கள், கோபித்தால் கோபிக்கட்டும். இன்னொன்று, பெடிகியூருக்குத் திறந்த செருப்போடு போங்கள். நகப்பூச்சு காயாத விரலை மூடிய சப்பாத்துக்குள் திணித்து, கொடுத்த காசை வாசலிலேயே அழித்துக்கொண்டு வருவதில் அர்த்தமில்லை.

சப்பாத்து என்றதும், அதைக் காலையில் வாங்கவே வாங்காதீர்கள். நடந்து திரிந்தால் பின்னேரம் கால் கொஞ்சம் வீங்கும், அந்தக் காலுக்கு எது சரியோ அதுதான் உங்கள் அளவு. மச்சாள் காலை பத்தே முக்காலுக்கு அளவு பார்த்து, அதையே போட்டுக்கொண்டு நடந்தாள், பிறகு நடந்ததைச் சொல்லிவிட்டேன். மூன்று மணிபோல, பார்லருக்குப் போகும் வழியில், நகப்பூச்சுக்கு முதல் சப்பாத்துக் கடை. இது ஒன்றைச் சரியாக வைத்தாலே போதும்.

சாறி எடுப்பவர்கள் கடை வெளிச்சத்தை நம்பிவிடுகிறார்கள். மேசையில் விரித்தபோது அருமையான மயில் நீலம், மேலே வரிசையாக வெள்ளை எல்இடி. "அண்ணை, வாசலுக்கு ஒருக்காக் கொண்டுபோய்ப் பார்க்கட்டா?" என்றேன். அவர் தலைப்பைத் தூக்கிப் படிவரை கொண்டுவந்து பிடித்தார், வெயில் பட்டதும் நீலத்துக்குள்ளிருந்து பச்சை எழும்பி வந்தது. மச்சாள் பையில் வைத்திருந்த பிளவுஸ் துணி பக்கத்தில் வைத்ததும் கறுத்துப்போன மாதிரி நின்றது. இரவுக் கலியாணத்துக்கு என்றால் கடை வெளிச்சத்தில் பாருங்கள், பகல் சடங்குக்கு என்றால் வாசல்தான். பிளவுஸ் அளவுக்குப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போவதும், கழற்ற இலேசான உடுப்போடு போவதும் பழக்கமாகட்டும். கொத்து சாப்பிட்ட வயிற்றோடு சல்வார் போட்டுப் பார்த்துவிட்டு "நான் நல்லாக் கொழுத்திட்டன்" என்று அழ வேண்டாம், உடுப்பை முதலில் பாருங்கள், சாப்பாடு பிறகு.

காசு விஷயம் சுருக்கமாக. அட்டையால் கட்டினால் மூன்று வீதம் கூட என்று சொன்னால் கொடுக்காதீர்கள். அது வாடிக்கையாளரிடம் அறவிட வேண்டிய காசு இல்லை, உங்கள் வங்கிக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது, மாற்றப் போகும்போது அந்தத் துண்டுதான் உங்கள் நாக்கு. அச்சிட்ட விலைக்கு மேல் ஒட்டுத்தாள் ஒட்டி விற்றால் அதே அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். துணிப் பை இரண்டு கொண்டுபோங்கள். அப்புறம், நகைக்கடைக்கு இந்த நாளில் போகாதீர்கள். பவுண் விலை, செய்கூலி, சேதாரம் எல்லாம் தெளிந்த தலையோடு கணக்குப் பார்க்க வேண்டியவை, பலூடாவுக்குப் பிறகு பார்க்கிற கணக்கு இல்லை.

சாப்பாட்டில் பெரிய பிழை, மிச்சம் பிடிப்பதாகக் காலைச் சாப்பாட்டை விடுவது. பதினொரு மணிக்குப் பசி கண்ணை மறைக்கும்போது முதல் கண்ட கடைக்குள் நுழைந்து, ஆளுக்கொரு பெரிய பலூடா எடுத்து, ரோசாப் பாணியும் கசகசாவும் ஐஸ்கிரீமும் வெறும் வயிற்றில் இறங்கி, அரை மணித்தியாலத்தில் நித்திரை. வீட்டில் இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுக் கிளம்புங்கள், வழியில் செவ்விளநீர், மத்தியானம் சோறு, இனிப்பு பின்னேரத்துக்கு. தேநீர்க் கடையில் ரோல்ஸ், பட்டிஸ், வடை எல்லாம் ஒரு தட்டில் குவித்து மேசைக்கு வரும். வெளிநாட்டிலிருந்து வந்த நம்மவர்கள் சிலர் எல்லாவற்றுக்கும் காசு என்று நினைத்து மூச்சு முட்டச் சாப்பிட்டு முடிக்கிறார்கள். தின்றதுக்கு மட்டும்தான் காசு, மிச்சம் அப்படியே திரும்பிப் போகும். (அது எத்தனை மேசை சுற்றி வந்தது என்று யோசிக்காமல் இருப்பது நல்லது, சூடாகப் பொரித்ததாகக் கேட்டு எடுங்கள்.)

சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க என்று பின்னேரம் உப்புவெளிக்கோ டச்சுக் குடாவுக்கோ ஓடுகிறவர்கள் திசையை மறந்தவர்கள். அது கிழக்குக் கடல், அங்கே பார்க்க வேண்டியது விடியல். அந்தி பார்க்க உட்துறைமுக வீதிக்குப் போங்கள், நகரத்துக்கு மேற்கே தண்ணீர் இருக்கும் பக்கம் அதுதான், ஆறு மணிக்கு மேல் துறைமுகம் முழுக்கச் செம்பு நிறமாகிவிடும். கச்சான் சரை ஒன்று வாங்கிக்கொண்டு உட்காரலாம். கோட்டைப் பக்கமோ கடற்கரைப் பக்கமோ உட்காருவதானால் பையை மடியில் வைத்திருங்கள். பக்கத்தில் வைத்த என் பைக்குள் ஒரு புள்ளிமான் மூக்கை விட்டு, வடை சுற்றிய தாளை மட்டும் இழுத்தெடுத்து, என்னைப் பார்த்துக்கொண்டே மென்றது. பார்க்க அழகு, ஆனால் இந்த ஊர் மான்கள் பொலித்தீனையும் விழுங்கிச் சாகின்றன, அதனால் பைகளை மூடுங்கள்.

தயிர்ச் சட்டி கடைசிக் கடையில், வீட்டுக்கு ஓட்டோ பிடிக்க முன். மேலே தாள் கட்டியிருந்தாலும் சரிந்தால் வழியும், அதனால் ஆசனத்தில் வைக்காதீர்கள். துவாயைச் சும்மாடு மாதிரிச் சுற்றிக் காலடியில் வைத்து, சட்டியை அதற்குள் இருத்தி, இரண்டு பாதத்தாலும் அணைத்துக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரத் தம்பியிடம் ஏறும்போதே காசு பேசிவிட்டு, "தயிர் இருக்கு, மெல்லப் போங்கோ" என்றும் சொல்லி வையுங்கள்.