கொள்ளுத்தாள் மேல் சைக்கிள் ஓட்டாதீர்கள்

ஓசூரிலிருந்து கெலமங்கலம், ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சைக்கிளுக்கென்றே போட்டது போல ஒரு கிராமச் சாலை கிடைக்கும். தேசிய நெடுஞ்சாலை 44-இன் இரைச்சல் காதை விட்டுப் போகக் கொஞ்ச நேரம் மிதித்தால் போதும். அப்புறம் ராகிக் காடு, கொள்ளுக் காடு, ரோஜாவுக்குப் போட்ட பசுமைக்குடில், ஏரிக்கரை, புளியமரம், டீக்கடை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் என்பதால் காற்றிலும் ஒரு குளுமை இருக்கும்.

ஞாயிறு காலைகளில் இந்தச் சாலைகளில் இப்போது புது ரோடு பைக்குகள் நிறையத் தெரிகின்றன. சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் அதே தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். எங்கள் கூட்டமும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது என்பதால் பார்க்கும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் சைக்கிள் விற்றவரே சொல்லியிருப்பார். அதை விடுகிறேன்.

மேப்பில் மெல்லிய கோடு என்றால் அமைதியான சாலை என்று நம்புவது

மேப்பில் கோடு மெலிதாக இருந்தால் சாலை குறுகல் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதில் என்ன ஓடுகிறது என்பதை அந்தக் கோடு சொல்லாது. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. ஊருக்குள் நுழைந்து வெளியேறி, எங்கோ ஒரு கரட்டடியில் போய் முடிகிற சாலை என்றால் அந்த முடிவில் ஒரு கல்குவாரியோ கிரஷரோ இருக்க வாய்ப்பு உண்டு. டிப்பர் லாரிகள் எதிரும் புதிருமாக வரும்போது நமக்கு மிஞ்சுவது மண் ஓரம் மட்டும்தான்.

கிளம்புவதற்கு முன் மேப்பை செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளம் தெரிந்தால் அது குவாரி. நேரில் போய்விட்டீர்களா? சாலையோரச் செடிகளைப் பாருங்கள். மழை பெய்து நாளாகாமலேயே இலையெல்லாம் வெள்ளைப் பொடி பூசியிருந்தால் திரும்பி விடுங்கள். ஞாயிறு அன்று அமைதியாக இருந்ததே என்று செவ்வாய்க்கிழமை லீவு போட்டுப் போனவர்கள் நல்ல பாடம் படித்துவிட்டு வந்தார்கள்.

ராயக்கோட்டைப் பக்கம் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். அங்கே தக்காளி மண்டி பெரிது. அறுப்பு நேரத்தில் பெட்டி ஏற்றிய சின்ன வண்டிகள் விலை இறங்குவதற்குள் போய்ச் சேரும் அவசரத்தில் பறக்கும்.

சாலையில் பரப்பிய தாள் மேல் ஓட்டுவது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழையை நம்பிப் போட்ட ராகி கார்த்திகை, மார்கழியில் அறுப்புக்கு வரும். அதை ஒட்டிக் கொள்ளு. எல்லா ஊரிலும் களம் கிடையாது. இருக்கிற களமும் எல்லோருக்கும் போதாது. அதனால் அறுத்ததைச் சாலையில் பரப்பி விடுவார்கள். பஸ், லாரி, டிராக்டர் எல்லாம் மேலே ஏறிப் போகப் போக மணி தானாக உதிரும். பிறகு தாளை, அதாவது காய்ந்த தண்டையும் கொடியையும், உதறி ஒதுக்கி, கீழே கிடப்பதைக் கூட்டித் தூற்றுவார்கள். கண்ணுக்கு அழகான காட்சிதான். புதிதாக வருகிறவர் உடனே போனை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு அதன் மேலேயே ஓட்டுவார். லாரிக்கே ஒன்றும் ஆகவில்லை, எனக்கென்ன ஆகும் என்ற நினைப்பு.

ஆகும். ராகித்தாளாவது நறுக்கென்று ஒடியும். கொள்ளு கொடி வகை. காய்ந்த பிறகும் அந்தக் கொடி நாராகத்தான் இருக்கும், இழுத்தால் லேசில் அறாது. சக்கரம் சுற்றும்போது ஒரு கொடி ஸ்போக்ஸில் மாட்டும், அது இன்னும் நாலைந்தை இழுத்துக்கொண்டு வரும். பின் சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கும் ஃபிரேமுக்கும் இடையில் இருக்கிற கொஞ்ச இடைவெளியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கொஞ்சம் செயினோடு சேர்ந்து கீழே டிரெய்லியரின் குட்டிச் சக்கரங்களுக்குள் போகும். டிரெய்லியர் என்றால் கியர் மாற்றும்போது செயினைத் தள்ளிக் கொடுக்கிற, பின்னால் தொங்குகிற அந்தக் கை. குட்டிச் சக்கரம் அடைபட்டதும் செயின் நகராது. ஆனால் ஓட்டுகிறவர் மிதிப்பதை நிறுத்த மாட்டார். கனமாக இருக்கிறதே என்று இன்னும் அழுத்தி ஒரு மிதி மிதிப்பார். அந்த மிதியில்தான் எல்லாம் முடியும். டிரெய்லியர் பின்னால் இழுபட்டு மேலே மடங்கும்; அதை ஃபிரேமோடு பிடித்திருக்கிற ஹேங்கர் வளையும் அல்லது ஒடியும்; அதிர்ஷ்டம் இன்னும் மோசமாக இருந்தால் டிரெய்லியர் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சக்கரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஹேங்கர் என்பது விரல் நீள அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் ஃபிரேம் தப்பிக்க வேண்டும், அதற்குப் பதிலாக இது ஒடிய வேண்டும் என்றே மெத்தென்று செய்வார்கள். நல்ல ஏற்பாடுதான். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். உங்கள் சைக்கிளுக்கு உரியது கெலமங்கலத்தில் கிடைக்காது. ஓசூரில் கிடைப்பதே சந்தேகம். பெங்களூரிலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள்.

போன மார்கழியில் எங்களோடு வந்த தம்பி ஒருவர், சைக்கிள் வாங்கி மாதம் திரும்பவில்லை. தாள் கிடந்த இடத்தில் நாங்கள் இறங்கி ஓரமாகத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம், அவர் சிரித்துக்கொண்டே மேலே விட்டார். பாதி தூரத்தில் கரகரவென்று சத்தம். "நிறுத்து, நிறுத்து" என்று கத்தியது அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கேட்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் டிரெய்லியர் செயினில் தொங்கிக்கொண்டு ஆடுகிறது. தாளைப் புரட்டிக்கொண்டிருந்த பாட்டி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம் இல்ல?" என்றார். கடைசியில் தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை ஒன்றில் (வண்டியைச் சொல்கிறேன், நிஜ யானையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) சைக்கிளை ஏற்றி அனுப்பினோம். ஹேங்கர், டிரெய்லியர், செயின், ஸ்போக்ஸ் என்று பில் வந்தபோது தம்பிக்கு முகம் செத்துவிட்டது.

எனக்கு எரிச்சல் செலவைப் பார்த்து அல்ல. இத்தனையும் ஆன பிறகு, "சாலையில் இப்படிப் போடலாமா?" என்று அந்தப் பாட்டியிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்துத்தான். வருஷத்தில் சில வாரம் அது அவர்கள் களம். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை.

சரி, என்ன செய்ய வேண்டும்? தூரத்தில் சாலை பழுப்பாகத் தெரிந்தாலே வேகத்தைக் குறையுங்கள். தாள் மேல் போய் பிரேக் பிடிக்காதீர்கள். காய்ந்த தாளுக்கும் தாருக்கும் பிடிப்பே கிடையாது, முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போகும். இறங்குங்கள். ஓரத்தில் இடம் இருந்தால் அதில் தள்ளுங்கள், இல்லாவிட்டால் தூக்குங்கள். தள்ளினாலும் தாள் சுற்றும். தெரியாமல் ஏறிவிட்டால், முதல் சரசரப்பு கேட்டதும் காலை நிறுத்துங்கள். மிதிக்காத வரை டிரெய்லியருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. நிறுத்திச் சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கொடியாக உருவுங்கள். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் அறுந்த முனை உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. தாளும் தானியமும் ஒன்றல்ல. தாள் மேல் வண்டி ஏற வேண்டும் என்றுதான் போடுகிறார்கள். கூட்டிச் சுத்தம் செய்து காயப்போட்ட ராகி மேல் யாரும் ஏறக் கூடாது. அதைச் சுற்றிக் கல் வரிசை வைத்திருப்பார்கள். சாயங்காலம் தானியத்தை அள்ளிக்கொண்டு போவார்கள். கல் பல நாள் அங்கேயே கிடக்கும். இருட்டில் அந்தக் கல் தெரியாது.

மார்கழி, தை மாதங்களில் இந்தப் பக்கம் வருவதானால் உங்கள் மாடலுக்கான ஹேங்கர் ஒன்றை முன்கூட்டியே வாங்கி சீட்டுக்குக் கீழே இருக்கும் பையில் போட்டு வையுங்கள். செயின் பிரிக்கும் கருவியும் இருக்கட்டும். மாற்று ஹேங்கர் கையில் இல்லாத நேரத்தில் ஒடிந்துவிட்டாலும் செயினை வெட்டிச் சுருக்கி ஒரே கியரில் பக்கத்து ஊர் வரை வந்துவிடலாம்.

விடியும் முன் கிளம்புவது

எல்லா ஊரிலும் இது நல்ல பழக்கம். இங்கே ஐப்பசியிலிருந்து மாசி வரை கெட்ட பழக்கம். பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக வரும் காலம் அது. ஓசூர்–ராயக்கோட்டை சாலையில் சானமாவு காடு வரைக்கும் வந்து தங்கும். அவற்றுக்கும் ராகி பிடிக்கும். இரவெல்லாம் காட்டில், அதாவது விளைநிலத்தில், மேய்ந்துவிட்டுக் கருக்கலில் வனத்துக்குத் திரும்பும். நீங்கள் ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வருவது அதே நேரம், அதே சாலை.

வனத்தை ஒட்டிய சாலை என்றால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். முதல் டீக்கடையில், "நேத்து இந்தப் பக்கம் வந்துச்சாண்ணா?" என்று கேளுங்கள். எது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சாலையில் ஈரமான யானை லத்தி கிடந்தால் செல்பி எடுக்காமல் திரும்புங்கள்.

நாய்

நிறுத்துங்கள், இறங்குங்கள், சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். ஓடினால்தான் துரத்தும்.

ஊர் பஞ்சர் கடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பஞ்சர் கடை எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் டியூப் அங்கே கிடையாது. ஊர் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மில்லிமீட்டர், உங்கள் 700சி ரிம் 622, ஒன்றின் டயர் இன்னொன்றில் சேராது. வால்வும் வேறு. உங்கள் ஒல்லியான ப்ரெஸ்டா வால்வில் கடை கம்ப்ரஸரின் மூக்கு உட்காராது. அதற்கென்று ஒரு பித்தளை அடாப்டர் இருக்கிறது, சட்டைப் பொத்தான் அளவுதான், சில பத்து ரூபாய். அதை ஒரு வால்வில் எப்போதும் மாட்டியே வையுங்கள்.

ஃபோட்டோவுக்காக மண் ஓரத்தில் இறங்குவதையும் குறையுங்கள். அங்கேதான் நெருஞ்சி முள் படர்ந்திருக்கும். ஒன்றைப் பிடுங்கி டியூப் மாற்றிவிட்டுக் கிளம்பினால், டயரில் இன்னொன்று மிச்சம் இருக்கும். புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள்.

வேகத்தடை

ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்தால் வேகத்தடையும் உண்டு. வெள்ளைக்கோடு இருக்காது.

அஞ்செட்டிக்கு இறங்கிய வேகத்தைத் தன் வேகம் என்று நினைப்பது

ஓசூர் மேட்டில் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டிக்குப் போகும் மலைச்சாலை வளைந்து வளைந்து இறங்கும். கீழே போய்ச் சேர்ந்ததும், இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே, அப்படியே நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல்லையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அப்போது மணி பத்தாகியிருக்கும். திரும்பி ஏறும்போது உச்சி வெயில், காலையில் குளிர்ந்த காற்று இப்போது கிடையாது, வழியில் கடையும் குறைவு. கீழேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ மூன்று மணிக்கு மேல் ஏறலாமே என்பார்கள் சிலர். யானை மாதங்களில் அதுவும் சரிப்படாது, இருட்டுவதற்குள் மேலே வர முடியாது. ஒன்பது மணிக்குள் அஞ்செட்டியிலிருந்து திரும்பக் கிளம்ப முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கு மலை இறங்காதீர்கள். தேன்கனிக்கோட்டையிலேயே டிபனை முடித்துவிட்டுத் தளி வழியாக வீடு திரும்புங்கள்.