சிங்கருக்கு உங்கள் நூலகத்தில் ஒரு வாசிப்புத் தொடர்: மானியத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் பொதுநூலகத்தில் வேலை பார்க்கிறேன். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் எழுதி 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்த நினைக்கும் புதியவர்களுக்கு, நான் வேலை செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள்

விண்ணப்பப் படிவத்தை இப்போதே திறக்க வேண்டாம். என் முதல் விண்ணப்பத்தில் சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைத்தான் எழுதி நிரப்பினேன். போலந்தில் பிறந்தார், 1935இல் நியூயார்க் வந்தார், ஃபோர்வெர்ட்ஸ் என்ற இத்திஷ் பத்திரிகையில் எழுதினார் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கூட்டத்துக்கு வருபவர்கள் எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள் என்பது அதில் இல்லை. பணம் கிடைக்கவில்லை.

அடுத்த முறை சிங்கரின் ஒரு சிறுகதையின் நாயகன் கிம்பலை எடுத்துக்கொண்டேன். ஊரே சேர்ந்து ஏமாற்றும் ஒரு ரொட்டிக் கடைக்காரன் அவன். இத்திஷில் கதையின் பெயர் ‘கிம்பல் தாம்’. 1953இல் எழுத்தாளர் சால் பெல்லோ அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது கிம்பல் ‘முட்டாள்’ ஆகிவிட்டான். ஆனால் ‘தாம்’ என்பது அவ்வளவு கடுமையான சொல் இல்லை. பாஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் வாசிக்கும் நூலில் நான்கு பிள்ளைகள் வருவார்கள். அதில் மூன்றாமவன் ‘தாம்’. நம் வழக்கில் சொன்னால் வெள்ளந்தி. கிம்பல் ஏமாளியா, தெரிந்தே நம்புகிறவனா? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பேசலாம். விண்ணப்பத்தின் முதல் பத்தியில் அதைத்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது படி: எங்கே கேட்பது?

ஒவ்வொரு மாநிலத்திலும் இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற மானுடப் பண்பாட்டுத் துறைகளுக்கான மன்றம் (humanities council) ஒன்று உண்டு. சிறு மானியங்களுக்கு அங்கே தொடங்குங்கள். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் ஊரிலுள்ள இத்திஷ் புத்தக மையமும் பொதுநூலகங்களுக்கென்று வாசிப்புக் குழுத் திட்டங்களை நடத்தியிருக்கிறது. ஒரே இடத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 2025 ஏப்ரலில் இதே துறைகளுக்கான கூட்டரசின் தேசிய நிதியம் (NEH) ஏராளமான மானியங்களைப் பாதியிலேயே ரத்து செய்தது. மாநில மன்றங்களும் அதில் அடிபட்டன. நூலகத்துக்கு நிதி திரட்டித் தரும் உங்கள் ஊரின் நூலக நண்பர்கள் குழுவையும் அணுகிவையுங்கள்.

மூன்றாவது படி: ஆள், தேதி

பக்கத்துக் கல்லூரியில் யூத இலக்கியம் சொல்லித்தரும் ஒருவரிடம் பேசி, வருகிறேன் என்று எழுத்தில் வாங்குங்கள். வெள்ளி மாலை, சனி பகல் வேண்டாம். யூத ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பவர்கள் வரமாட்டார்கள். யூதப் பண்டிகைகள் சூரிய சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுக்காண்டு நகரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது படி: பட்ஜெட்

1,500 டாலருக்கு ஒரு மாதிரி: பேராசிரியருக்கு 750, புத்தகம் 25 பிரதிக்கு 375, இத்திஷில் வாசிப்பவருக்கு 250, சுவரொட்டிக்கு 125. அரங்கம், ஊழியர் நேரம் ஆகியவற்றின் மதிப்பை நூலகத்தின் பங்காகக் காட்டுங்கள். தேநீர், சிற்றுண்டிச் செலவை ஏற்பார்களா என்று விதிகளில் பாருங்கள்.

அந்த 250 டாலரை மட்டும் வெட்டாதீர்கள். எங்கள் கூட்டத்தில் முதல் பக்கத்தை இத்திஷிலும் அப்புறம் ஆங்கிலத்திலும் வாசித்தோம். பின்வரிசையில் ஒரு வயதான அம்மா, வாசிப்பவரின் வாய்க்கு அரை நொடி பின்னாலேயே உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சிங்கரின் மொழியைப் பேசியவர்களில் லட்சக்கணக்கானவர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். அந்த மொழியின் ஓசை ஒரு பத்து நிமிடமாவது அறையில் கேட்காமல் சிங்கருக்கு விழா எடுக்க எனக்கு மனம் வராது.

ஐந்தாவது படி: பிள்ளைகளையும் சேருங்கள்

‘ஸ்லாட்டே என்ற ஆடு’ கதையைக் குழந்தைகளுக்கு வாசிக்கலாம். கசாப்புக்காரரிடம் விற்க ஓட்டிப்போகும் ஆட்டோடு பனிப்புயலில் சிக்கிய சிறுவன், வைக்கோற்போருக்குள் மூன்று நாள் அதன் பாலைக் குடித்தே பிழைக்கிறான். மாரிஸ் செண்டாக்கின் படங்களோடு 1966இல் வந்த தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. சிங்கர் கதையிலிருந்து எடுத்த சினிமாவைக் காட்டுவதாக இருந்தால், பொதுத் திரையிடல் உரிமம் தனியாக வாங்க வேண்டும். வீட்டுக்கு வாங்கிய டிவிடி போதாது.

ஆறாவது படி: அனுப்புவதும் அறிக்கையும்

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். பணம் வந்த பிறகு எல்லா ரசீதையும் ஒரே உறையில் போட்டுவையுங்கள். வந்தவர்களின் எண்ணிக்கையோடு, கிம்பலைப் பற்றி அவர்கள் சொன்னதில் இரண்டு மூன்றைப் பேர் போடாமல் அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள். இறுதி அறிக்கை எழுதும்போது அவை கையில் இருக்க வேண்டும்.