சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கப் போகிறீர்களா?

"ஒரு நாய்க்குட்டி வாங்கிக் குடுங்கோ, பிள்ளைக்குப் பொறுப்பு வரும்" என்று எல்லாரும் சொல்வார்கள். வராது. நாலு வயதுப் பிள்ளை தன் தண்ணீர்ப் போத்தலையே நேர்சரியில் விட்டுவிட்டு வருகிற வயது, அதன் கையில் ஒரு உயிரைக் கொடுக்க முடியாது. குட்டியை வளர்க்கப் போவது நீங்கள்தான், பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துப் பழகும், அவ்வளவுதான். காலையில் அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் உங்களிடம் இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று பிள்ளைக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம், மூத்தவள் தரம் 3, சின்னவனுக்கு நாலு வயது, பிரவுணி தெருவில் பிறந்த குட்டி.

முதலில், எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எடுக்காதீர்கள். எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைத் தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் விளையாடித்தான் அது பழகுகிறது, அந்தப் பாடம் இல்லாமல் வருகிற குட்டி உங்கள் பிள்ளையின் கையில்தான் அதைப் படிக்கும். நாயில் சாதி பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பனிநாட்டுக்கென்று உடம்பு முழுக்க மயிரோடு பிறந்த ஹஸ்கியை கொழும்பு வெக்கையில், ஃபிளாட்டுக்குள் வைத்திருப்பது பாவம். நம் ஊர் நாய்க்கு இந்த வெயில் பழக்கம்.

வந்த வாரமே மிருக வைத்தியரிடம் போங்கள். பூச்சி மருந்து மூன்று மாத வயது வரை இரண்டு கிழமைக்கு ஒருதடவை கொடுக்க வேண்டும், ஏனென்றால் குட்டியின் வயிற்றுப் புழுவின் முட்டை மண்ணிலிருந்து பிள்ளையின் விரல் வழியாக வாய்க்குள் போகும். பார்வோ என்கிற வயிற்றோட்டக் கிருமிக்கான ஊசியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நாலு கிழமை இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுவார்கள். அது முடியும்வரை குட்டியை ஒழுங்கையில் இறக்கி நடக்க விடாதீர்கள், தூக்கிக்கொண்டு போய் வாகனச் சத்தம், மழை, ஆட்கள் எல்லாம் காட்டலாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வந்தால் இரத்தத்தோடு வயிற்றால் போய் இரண்டு மூன்று நாளில் குட்டி முடிந்துவிடலாம். விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம், பிறகு ஒவ்வொரு வருடமும். ஊசி அட்டையை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஃபிளாட்டில் பெரிய தலையிடி மூத்திரம். தூங்கி எழும்பினால் போகும், சாப்பிட்டால் போகும், விளையாடி முடித்தால் போகும், இந்த மூன்று நேரத்தையும் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல்கனியில் ஒரே மூலையில் பழைய பேப்பர் விரித்து, அந்த நேரங்களில் தூக்கிக்கொண்டு போய் விடுங்கள், போனவுடனே தடவிக் கொடுங்கள். இடம் மாறிப் போய்விட்டால் மூக்கைத் தேய்க்காதீர்கள், அடிக்காதீர்கள். அதற்குப் புரிவதெல்லாம் உங்களைக் கண்டால் பயப்பட வேண்டும் என்பதுதான், அடுத்த தடவை கட்டிலுக்குக் கீழே ஒளித்துப் போகும்.

சாப்பாட்டுக்கு சோறும் உப்பு, மிளகாய் போடாமல் அவித்த கோழியும் பூசணியும் கொடுக்கலாம், வளர்கிற குட்டிக்குச் சத்துக்கு என்ன சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேளுங்கள். வெங்காயம் சேர்ந்த கறி, சொக்லேட், முந்திரிகை வற்றல் (காய்ந்த திராட்சை), அவித்த கோழி எலும்பு, இவை கூடவே கூடாது. பிள்ளை சாப்பிட்ட இடத்தை உடனே கூட்டுங்கள், கேக் துண்டில் இருக்கிற பிளம்ஸும் அதே முந்திரிகை வற்றல்தான், அதுகூட ஆபத்து. குட்டிக்குச் சுகமில்லை என்று பனடோலைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

இனி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது. பிரவுணி சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. கட்டிப்பிடித்து முகத்தை அதன் முகத்தில் வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் கடி விழுவது இதனால்தான், உயரமும் அப்படி. நாய் கடிப்பதற்கு முன் பலமுறை சொல்லிப் பார்க்கும்: உதட்டை நக்கும், கொட்டாவி விடும், தலையைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். பிறகு உறுமும். உறுமினால் நாயைத் திட்டாதீர்கள், பிள்ளையைத் தூக்கி எடுங்கள். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். நீங்கள் குசினியில், இரண்டு பேரும் ஹோலில் தனியே, இது ஐந்து நிமிடத்துக்குக்கூட வேண்டாம். சின்னவனுக்கு வேலை தண்ணீர்க் கோப்பையை நிரப்புவது மட்டும். மூத்தவள் மயிர் சீவி உண்ணி பார்ப்பாள், காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும், நான் பக்கத்தில் இருப்பேன். ரோட்டில் சங்கிலி எப்போதும் பெரியவர் கையில்.

இதெல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒருநாள் சின்னவனைக் குளிக்க வார்க்கும்போது மேஸைக் கழற்ற விடாமல் காலை இழுத்துக்கொண்டே நின்றான். கழற்றினால் கணுக்காலுக்கு மேலே ஒரு அங்குலக் கீறல், காய்ந்த இரத்தம் மேஸோடு ஒட்டியிருந்தது. கீழே கடையடியில் நிற்கிற நாய், காலையிலேயே நடந்திருக்கிறது. "அம்மா அடிப்பீங்க எண்டு சொல்லேல்லை" என்றான். எனக்குக் கை நடுங்கியது.

விசர்நாய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. கடி மட்டுமில்லை, கீறல், இருக்கிற புண்ணில் நக்கல், எதன் வழியாகவும் உள்ளே போகலாம். போய் நரம்பு வழியாக மூளைக்கு ஏறும், கிழமைகளோ மாதங்களோ எடுக்கும். அந்த இடைவெளியில் ஊசி போட்டால் தப்பலாம், அறிகுறி வந்தபிறகு ஏறக்குறைய யாரும் தப்பியதில்லை. அதனால் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற பைப் தண்ணீரில், மணிக்கூட்டைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் பிள்ளை அழ அழக் கழுவுவது லேசான வேலை இல்லை, ஆனாலும் கழுவுங்கள். மஞ்சள், கோப்பித்தூள், தேசிக்காய் எதுவும் வைக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். பிறகு அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள், ஊசி இலவசம். பிள்ளை என்றால் பொறளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. வளர்ப்பு நாய் கடித்திருந்தால் அந்த ஊசி அட்டையையும் கொண்டு போங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். நாயைக் கொன்றுவிடாதீர்கள், கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். திரும்ப வரச் சொன்ன திகதிகளில் ஒன்றையும் விடக் கூடாது, காயம் ஆறிவிட்டதே என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. சின்னவனுக்கு எல்லா ஊசியும் போட்டோம், சுகமாக இருக்கிறான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். நாய், பூனை, எலி, குரங்கு எது பட்டாலும் உடனே சொல்ல வேண்டும், பிழை யாருடையதாக இருந்தாலும் அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. குட்டி வீட்டுக்கு வருவதற்கு முதல் நாளே இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள், சொன்னதைக் காப்பாற்றுங்கள். ஒவ்வொரு பின்னேரமும் கால் கழுவும்போது நான் கணுக்கால், முழங்கால், கை என்று பார்ப்பேன், இப்போது சின்னவன் தானாகவே கையை நீட்டி, "இண்டைக்கு ஒண்டும் இல்லை அம்மா" என்கிறான்.