போக்கர் பழகுகிறீர்களா? ரம்மி ஆடிய கையோடு வராதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் பாய் விரித்து, பிளாஸ்டிக் சிப்ஸை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்து, சித்தி மகனுக்கும் அவன் நண்பர்கள் மூன்று பேருக்கும் போக்கரில் ஒரு வகையான டெக்சஸ் ஹோல்டம் சொல்லிக்கொடுத்தேன். நாலு பேருமே ரம்மியில் ஊறியவர்கள். சீட்டை விசிறி மாதிரி பிடிப்பதும் கட்டு குலுக்குவதும் என்னைவிட அவர்களுக்கு நன்றாக வருகிறது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள், பத்து வருஷத்துக்கு முன் நான் செய்த தவறுகளை ஒன்று விடாமல் செய்து முடித்தார்கள்.

முறை வருவதற்கு முன்பே பந்தயம் கட்டுவது, பக்கத்து ஆளுக்குத் தெரிகிற மாதிரி சீட்டைத் தூக்குவது எல்லாம் நாலு ஆட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எது பெரிய கை

மூணு சீட்டு ஆடியவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். அதில் வரிசை (சீக்வென்ஸ்) கலரை, அதாவது எல்லாச் சீட்டும் ஒரே சின்னமாக இருக்கிற கையை, அடிக்கும். போக்கரில் கலர், அதாவது ஃப்ளஷ், வரிசையை அடிக்கும். எது அரிதாக விழுகிறதோ அதுதான் பெரியது. மூன்று சீட்டில் வரிசை அரிது, ஐந்து சீட்டில் கலர் அரிது.

ஒரே சின்னம் என்று மயங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கையில் வந்த இரண்டு சீட்டும் கிளாவர் என்றால் போதும், அது எட்டும் நாலுமாக இருந்தாலும் கீழே போடவே மாட்டார்கள். ரம்மி பழக்கம் அது. ரம்மியில் ஒரே சின்னம் என்பது பாதி ஒரிஜினல் (ஜோக்கர் இல்லாத வரிசை). ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டை எடுத்து, வேண்டாததைத் தள்ளிக் கையைத் தேற்றிக்கொண்டே போகலாம். ஹோல்டமில் அதற்கு வழியே கிடையாது. அந்த இரண்டு சீட்டுதான் கடைசிவரை. நடுவில் விழும் ஐந்தும் எல்லோருக்கும் பொது, அதைப் பார்க்க ஒவ்வொரு கட்டத்திலும் காசு கட்ட வேண்டும்.

கடைசி சீட்டுவரை நின்றாலும், ஒரே சின்னத்தில் வந்த இரண்டு சீட்டு ஃப்ளஷாக முடிவது நூறு ஆட்டத்தில் ஆறேழு தடவைதான்.

சரி, ஃப்ளாப் என்கிற முதல் மூன்று சீட்டில் இரண்டு கிளாவர் விழுந்துவிட்டது, இன்னும் ஒன்று வந்தால் போதும் என்று வையுங்கள். நடுவில் 200 சிப்ஸ் கிடக்கிறது, எதிராளி 100 கட்டுகிறான். அடுத்த சீட்டைப் பார்க்க நீங்களும் 100 கட்ட வேண்டும், ஜெயித்தால் 300 கிடைக்கும். நீங்கள் பார்க்காத சீட்டு 47, அதில் கிளாவர் 9. இதே நிலைமை 47 தடவை வந்தால் 9 தடவை 300 வீதம் 2700 வரும், மீதி 38 தடவை 100 வீதம் 3800 போகும். கணக்கு இவ்வளவுதான். ஃப்ளஷ் விழுந்தபின் எதிராளியிடம் இன்னும் கறக்கலாமே என்பீர்கள். கறக்கலாம், உங்கள் ஃப்ளஷ் பெரியதாக இருந்தால்.

என்னுடையது பெரியதாக இல்லை. நான் பழகிய காலத்தில் ஒரு நாள் இரவு, கையில் அதே கிளாவர் எட்டும் நாலும். ஃப்ளாப்பில் கிளாவர் கிங், கிளாவர் பத்து, டைமன் அஞ்சு. கட்டினேன். நாலாவது சீட்டு ஆட்டின் ரெண்டு, ஒன்றுக்கும் உதவாது, அதற்கும் கட்டினேன். கடைசியில் கிளாவர் ஆறு விழுந்தது. காதுக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம் கேட்க, இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன். எதிரில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. கிளாவர் ஏஸையும் குயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஃப்ளஷ் வராமல் போயிருந்தால் எனக்கு நஷ்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை தம்பி கிளாவர் ஒன்பதையும் மூணையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் தள்ளியபோது எனக்கு அந்த இரவுதான் ஞாபகம் வந்தது. அவனும் தோற்றான், ஜாக் வைத்திருந்த ஃப்ளஷிடம்.

ஏஸோடு சேர்ந்த சின்னம் என்றால் ஆடுங்கள். கிங்கும் குயினும், பத்தும் ஜாக்கும் மாதிரி இரண்டும் பெரிய சீட்டாக இருந்தாலும் சரி. மற்றதை, சின்னமே பார்க்காமல், எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

போட்டதை மீட்கப் பார்ப்பது

நடுவில் வைத்த நொடியிலேயே அது உங்கள் சிப்ஸ் இல்லை.

உட்காரும் இடம்

டீலர் பட்டன் (சீட்டுப் போடுகிறவர் இடத்தைக் காட்டும் வில்லை) யார் முன்னால் இருக்கிறதோ, ஃப்ளாப்புக்குப் பிறகு அவர்தான் கடைசியாகப் பேசுவார், அதாவது கட்டுவதா கவிழ்ப்பதா என்று சொல்வார். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அதனால் பட்டனில் ஆடுகிற கையையெல்லாம் முதல் இடத்தில் ஆடாதீர்கள். ஏஸ்-பத்து பட்டனில் நல்ல கை. ஒன்பது பேர் மேஜையில் முதலில் பேசுகிற இடத்தில் சின்னம் மாறிய ஏஸ்-பத்து வந்தால் நான் கவிழ்த்துவிடுவேன்.

ஏழில் ஐந்து

மூன்று ஜோடி என்று ஒரு கை கிடையாது. ஏழு சீட்டில் சிறந்த ஐந்துதான் கணக்கு, மூன்றாவது ஜோடியைக் காட்டிச் சண்டை போடாதீர்கள்.